ஊரப்பாக்கம் வீட்டுக்கு ஒரு பவர் பாயிண்ட்

ஊரப்பாக்கம்
12.6.1994

அப்பாவுக்கு,

காந்திமதி எழுதறேன். நானும் அத்தையும் சௌக்கியம். அத்தைக்கு முழங்கால் வலி மட்டும் அப்படியே இருக்கு. பொங்கலுக்கு நீங்க போட்ட கார்டுக்கு நான் பதில் போடலை. மறந்துபோய் இல்லை, கோபத்துலதான் போடலை.

இப்ப ஒரு காரியமா எழுதறேன்.

பல்லாவரத்துல நான் என்ன வேலை பாக்கறேன்னு நீங்க கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. எங்க கம்பெனில பேட்டரில ஓடற கார் செய்யறோம். ரெண்டு பேர் உக்காரலாம். பெட்ரோல் கிடையாது, கியர் கிடையாது. சீட்டுக்கு அடியில எட்டு பேட்டரி. அந்த எட்டையும் கோத்து இணைப்பு குடுக்கறது என் வேலை. இதுவரைக்கும் மூணு கார் முடிஞ்சிருக்கு. மூணையும் வேலை செய்யற மூணு பேர்கிட்ட குடுத்து, மூணு மாசம் வீட்டுல வச்சு ஓட்டிப் பாக்கச் சொல்லலாம்னு எங்க முதலாளி லக்ஷ்மிநாராயணன் சார் முடிவு பண்ணியிருக்கார். "ஒர்க்‌ஷாப்ல சார்ஜ் ஏறினா என்ன பிரயோஜனம்? சாயங்காலம் ஆனா வோல்டேஜ் இறங்கற சாதாரண வீட்டுல ஏறணும். அப்பதான் நாலு பேர் வாங்குவாங்க"ன்னு சொன்னார். லிஸ்ட்டுல முதல் பேர் என்னுது.

அதுக்கு வீட்டுல பதினஞ்சு ஆம்பியர் பவர் பாயிண்ட் ஒண்ணு தனியா வேணும். கரண்ட் ஆபீஸ்ல லோடு ஏத்தித் தர விண்ணப்பம் குடுக்கணும். வீடு உங்க பேர்ல இருக்கறதால உங்க கையெழுத்து வேணும். ஃபாரம் இதோட வச்சிருக்கேன். பென்சில்ல பெருக்கல் குறி போட்ட இடத்துல போட்டா போதும்.

கார் நிக்கறதுக்கு இடம் பின்பக்கம் கிணத்தடிலதான் இருக்கு. அதனால அந்தச் சுவத்துலதான் பாயிண்ட் வரும். அம்மா போனதுலேர்ந்து அங்க நாங்க ஒரு பல்பு கூடப் போட்டதில்லை. உங்களுக்கு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாம இல்லை. ஆனா வேற இடம் இல்லை.

காந்திமதி

*

குன்னூர்
19.6.94

அன்பு மகள் காந்திமதிக்கு அப்பா எழுதுவது.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. நீ இணைப்பு வேலை செய்கிறாய் என்று படித்து சந்தோஷப்பட்டேன். இங்கே தேயிலை ஃபாக்டரியில் மோட்டார் ரூம் ஆட்களிடமும் சொன்னேன்.

படிவத்தில் கையெழுத்துப் போடவில்லை. அப்படியே திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

அந்தச் சுவரில் கரண்ட் வேண்டாம். காரை ஒர்க்‌ஷாப்பிலேயே சார்ஜ் செய்துகொள். உன் முதலாளியிடம் வீட்டில் வசதி இல்லை என்று சொல்லிவிடு. அது ஒன்றும் பொய் இல்லை.

அக்காவுக்கு யூகலிப்டஸ் தைலம் இரண்டு பாட்டில் பார்சலில் போட்டிருக்கிறேன். வெந்நீர் ஒத்தடம் கொடுத்த பிறகு தேய்க்கச் சொல்.

ஏகநாதன்

*

ஊரப்பாக்கம்
26.6.1994

அப்பா,

தைலம் வந்தது. ஃபாரமும் வந்தது.

வசதி இல்லைன்னு சொல்லச் சொல்றீங்க. வீட்டைக் கட்டி, ஒயரிங் பண்ணினது எலெக்ட்ரீஷியன் ஏகநாதன். அவர் பொண்ணு எலெக்ட்ரிகல் டிப்ளமா. அந்த வீட்டுல ஒரு பிளக் பாயிண்ட் போட வசதி இல்லைன்னு நான் போய் சார்கிட்ட நிக்கணும்.

போன தடவை வந்தப்ப என்ன செஞ்சீங்கன்னு ஞாபகம் இருக்கா? எனக்கு வேலை கிடைச்சதைப் பாக்கத்தான் அவ்வளவு தூரத்துலேர்ந்து வந்தீங்க. முன் ரூம்லயே உக்காந்து சாப்பிட்டீங்க. கை கழுவக் கூட பின்னால போகலை, சொம்புல தண்ணி வாங்கி வாசல்ல கழுவினீங்க. உங்க வீட்டுல படுக்காம தாம்பரத்துல லாட்ஜ்ல போய்ப் படுத்தீங்க. காலைல வருவீங்கன்னு அத்தை இட்லிக்கு ஊத்தி வச்சிருந்தாங்க. நீங்க வரலை. ரெண்டு வருஷம் ஆச்சு. நான் அதைப் பத்திக் கேட்டேனா?

நான் அந்தக் கிணத்தடில தினம் பாத்திரம் கழுவறேன், துணி தோய்க்கறேன். பன்னெண்டு வருஷமா. நீங்க குன்னூர்ல இருந்துகிட்டு அந்தச் சுவத்தைத் தொடாதேன்னு சொல்றீங்க.

ஜூலை கடைசிக்குள்ள பாயிண்ட் இல்லைன்னா கார் எங்ககூட வேலை பாக்கற கேளம்பாக்கம் சிட்டிபாபுவுக்குப் போயிடும். அவர் நல்ல மனுஷர்தான். ஆனா அந்த பேட்டரி ஒவ்வொண்ணையும் நான் கோத்திருக்கேன்.

உங்க கையெழுத்து இல்லாமலே செய்ய வழி இருக்கு. நம்ம தெரு எலெக்ட்ரீஷியன் சேட்டு சமையல்கட்டு லைன்லேர்ந்தே இழுத்துத் தரேன்னு சொல்றார். "இன்னா பெரிய வேலை, அரை நாள்ல முடிச்சிக் குட்த்துர்றேன்"னார். ஞாயித்துக்கிழமை வரச் சொல்லலாம்னு இருக்கேன்.

காந்திமதி

*

குன்னூர்
30.6.94

அன்பு மகள் காந்திமதிக்கு,

இந்தக் கடிதத்தை எக்ஸ்பிரஸ் டெலிவரியில் போடுகிறேன். சேட்டுவை வரச் சொல்லாதே. வந்துவிட்டிருந்தால் அவன் போட்ட எதையும் உபயோகிக்காதே. மெயினை இறக்கிவிட்டு அதைக் கழற்றிவிடு.

சமையல்கட்டு லைன் மிக்சிக்கும் லைட்டுக்கும் நான் போட்டது. அதில் போய் எட்டு மணி நேரம் கார் சார்ஜர் ஓடினால் ஒயர் சுவருக்குள்ளேயே சூடாகி உருகும். வெளியே பார்த்தால் தெரியாது. சேட்டு எப்படி எர்த் கொடுப்பான் என்று கேட்டாயா? எனக்குத் தெரிந்து அவன் எர்த் ஒயரை நியூட்ரலோடு சேர்த்து முறுக்கிவிடுவான். பிளக்கில் மூன்று ஓட்டை இருக்கும், மூன்றாவது ஓட்டை வெறும் ஓட்டை. அப்படிப்பட்ட வேலையை நம் வீட்டில் செய்யக் கூடாது.

எப்படிச் செய்ய வேண்டும் என்று எழுதுகிறேன். எழுதுவதால் நான் சம்மதித்தேன் என்று அர்த்தமில்லை.

மெயின் போர்டிலிருந்தே தனி லைன் வர வேண்டும். நான்கு ஸ்கொயர் தடிமனில் காப்பர் ஒயர். வழியில் எங்கேயும் ஒட்டு இருக்கக் கூடாது. கசிவு வந்தால் தானே விழுகிற டிரிப் சுவிட்ச் ஒன்று வேண்டும். எர்த்துக்கு எட்டு அடி குழி. ஆறு அடி போதும் என்பார்கள், கேட்காதே. நடுவில் ஜி.ஐ. இரும்புக் குழாய் இறக்கி, சுற்றிலும் ஒரு வரிசை கரி, ஒரு வரிசை கல் உப்பு, மறுபடி கரி. மேலே தண்ணீர் ஊற்ற வாய் விட வேண்டும். மண் காய்ந்தால் எர்த் பிடிக்காது, அதனால் வெயில் காலத்தில் தினம் ஊற்ற வேண்டும். இந்த ஃபாக்டரியில் பதினோரு எர்த் குழி இருக்கிறது. பன்னிரண்டு வருஷமாகத் தினம் காலையில் நான்தான் தண்ணீர் ஊற்றுகிறேன். மழை பெய்தாலும் ஊற்றுகிறேன். இங்கே என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

நீ எழுதியது எல்லாம் நியாயம். இட்லி விஷயம் எனக்குத் தெரியாது. அக்காவிடம் நான் வருத்தப்பட்டதாகச் சொல்.

ஆனால் கையெழுத்து வேண்டாம் அம்மா. நான் கேட்டுக்கொள்கிறேன்.

அப்பா

*

ஊரப்பாக்கம்
6.7.1994

அப்பாவுக்கு,

சேட்டு வரலை. நீங்க எழுதினதுக்கு முன்னாடியே நான் வேண்டாம்னு சொல்லிட்டேன். உங்களைப் பயமுறுத்தத்தான் எழுதினேன். அது தப்பு.

உங்க கடிதத்தை நாலஞ்சு தடவை படிச்சேன். இவ்வளவு நீளமா நீங்க எனக்கு எழுதினதே இல்லை. படிக்கும்போது நான் இதையெல்லாம் பாலிடெக்னிக்ல படிக்காம உங்ககிட்டயே படிச்சிருக்கலாம்னு தோணிச்சு.

நீங்க கேக்காத ஒண்ணைச் சொல்றேன். அந்தச் சுவத்துல நான் ஏன் பாயிண்ட் கேக்கறேன்னு. கார் மட்டும் காரணமில்லை. இதை அத்தைகிட்டயும் சொன்னதில்லை. எழுதிட்டுக் கிழிச்சுடுவேனோன்னு பயமா இருக்கு, அதனால வேகமா எழுதறேன். கையெழுத்து கோணலா இருந்தா மன்னிச்சுக்கோங்க.

அன்னிக்கு மழை விட்டு வெயில் வந்திருந்தது. எனக்குப் பதினோரு வயசு. அம்மா நாலு நாள் ஈரத்துணியைக் காயப்போட எடுத்துக்கிட்டுப் பின்னால போனாங்க. மோட்டார் ஓடிட்டிருந்தது. நான் கூடத்துல ரேடியோ கேட்டுக்கிட்டிருந்தேன். "காந்தி, மோட்டாரை நிறுத்துடி, தொட்டி ரொம்பிடிச்சு"ன்னு அம்மா கூப்பிட்டாங்க. வரேம்மான்னு சொன்னேன். போகலை. திரும்பக் கூப்பிட்டாங்க. பாட்டு முடியட்டும்னு நெனச்சேன். மூணாவது தடவை கூப்பிடலை.

பாட்டு முடிஞ்சுதான் போனேன். அம்மா துணி காயப்போடற கம்பிக்குக் கீழே விழுந்து கிடந்தாங்க. கை மட்டும் புடவையோட சேத்து அந்தக் கம்பியைப் பிடிச்ச மாதிரி இருந்தது. நான் முதல்ல அம்மாகிட்ட போகலை அப்பா. ஷெட்டுக்கு ஓடிப் போய் மோட்டார் சுவிட்சை நிறுத்தினேன். நான் நிறுத்தலைங்கறது யாருக்கும் தெரியக் கூடாதுன்னு நிறுத்தினேன். அப்புறம்தான் கத்தினேன். பக்கத்து வீட்டு ஜெயவேலு மாமா சுவரேறிக் குதிச்சு வந்தார்.

மோட்டார் ஷாக்னு எல்லாரும் பேசிக்கிட்டாங்க. நான் நிறுத்தியிருந்தா ஷாக் இருந்திருக்காது.

நீங்க அதுக்கப்புறம் என் முகத்தைப் பாத்துப் பேசினதில்லை. தை மாசம் குன்னூர் போயிட்டீங்க. நான் செஞ்சது உங்களுக்கு எப்படியோ தெரிஞ்சுபோச்சு, அதான் என்னைப் பாக்கப் பிடிக்காம போயிட்டீங்கன்னு நெனச்சேன். இப்பவும் அப்படித்தான் நெனைக்கறேன். நான் எலெக்ட்ரிகல் எடுத்துப் படிச்சதே, ஒரு சுவிட்சை நேரத்துக்கு நிறுத்தற ஆளா ஆகணும்னுதான்.

அந்த இடத்துல நான் என் கையால சரியா ஒண்ணு செஞ்சு வைக்கணும். அவ்வளவுதான்.

காந்திமதி

*

குன்னூர்
9.7.94

காந்தி,

கடிதம் மத்தியானம் வந்தது. மோட்டார் ரூமில் நின்றபடி படித்தேன். மேலே படிக்க முடியாமல் வெளியே வந்து தேயிலைப் பாத்தி ஓரமாக உட்கார்ந்துவிட்டேன். சூப்பர்வைசர் வந்து, ஊரில் யாருக்காவது ஏதாவதா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டு லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

முதலில் இதைப் படி. படித்துவிட்டு மறுபடியும் படி. நீ மோட்டாரை நிறுத்தியிருந்தாலும் அம்மா பிழைத்திருக்க மாட்டாள்.

உனக்கு இப்போது படிப்பு இருக்கிறது, புரியும். வீட்டு மெயினிலிருந்து கிணற்றடி ஷெட்டுக்கு லைன் எப்படிப் போனது என்று யோசித்துப் பார். நடுவில் ஒரு இரும்புக் குழாய் நட்டு, அதன் வழியாகத்தான் ஒயரை இறக்கியிருந்தேன். அந்தக் குழாயிலிருந்துதான் தென்னை மரத்துக்குத் துணிக் கம்பி கட்டியிருந்தது. குழாய் வாயில் ஒயர் உரசி உரசி, மேல் தோல் போய்விட்டது. உள்ளே இருந்த செம்பு, குழாயைத் தொட்டது. குழாயிலிருந்து கம்பிக்கு, கம்பியிலிருந்து அம்மாவுக்கு. இது நடந்தது குழாயில். சுவிட்ச் இருந்தது அதற்கு அந்தப் பக்கம், ஷெட்டுக்குள். மோட்டார் ஓடினாலும் ஒன்றுதான், நின்றாலும் ஒன்றுதான்.

இன்னும் நம்பவில்லை என்றால் ஜெயவேலுவைக் கேள். நீ சுவிட்சை நிறுத்திய பிறகுதானே அவன் வந்தான்? அம்மாவைப் பிடித்து இழுத்தபோது அவனையும் தூக்கிப் போட்டது. உள்ளே ஓடி மெயின் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிய பிறகுதான் கம்பி செத்தது. வலது கை இரண்டு விரல் அவனுக்கு இன்னும் மடங்காது. நீ அம்மாவிடம் முதலில் ஓடாமல் ஷெட்டுக்கு ஓடியதாக எழுதியிருக்கிறாய். நீ அம்மாவைத் தொட்டிருந்தால் அன்றைக்கு நான் இரண்டு பேரையும் தூக்கிக்கொண்டு போயிருப்பேன். நீ என்ன பயத்தில் ஓடினாயோ, அந்தப் பயம்தான் உன்னை எனக்கு மிச்சம் வைத்தது.

இனி என்னுடையதைச் சொல்கிறேன். குழாய்க்கு எர்த் கொடுத்திருந்தால் ஒயர் தொட்ட அந்த நிமிஷமே ஃபியூஸ் போயிருக்கும். வீடு இருட்டாகியிருக்கும், உன் அம்மா தனம் என்னைத் திட்டியிருப்பாள், அவ்வளவுதான். நான் எர்த் கொடுக்கவில்லை. தாம்பரத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோயில் வரைக்கும் எத்தனை வீட்டுக்கு எர்த் போட்டிருப்பேன். என் வீட்டில் மூன்று அடி தோண்டினேன், செம்பாறை வந்தது. அந்த வாரம் ஒரு கல்யாண வீட்டில் சீரியல் லைட் வேலை ஒத்துக்கொண்டிருந்தேன். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று குழியை மூடினேன். தனம் கேட்டாள். "இன்னாய்யா, ஊருக்கெல்லாம் போடறே, நம்ம வூட்டுக்குப் போட மாட்டியா?" என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள். நான் அடுத்த வாரம் என்றேன். எட்டு மாதம் அடுத்த வாரம் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

காரியம் முடிந்த மறுநாள் நான் தனியாகக் குழாயைப் பிடுங்கி ஒயரை உருவிப் பார்த்தேன். ஒயர் எங்கே உரசியது என்று தெரிந்தது. யாரிடமும் சொல்லவில்லை. குழாயைக் கொண்டுபோய் ஏரியில் போட்டேன். மோட்டார் ஷாக் என்று ஊர் சொன்னது எனக்கு வசதியாக இருந்தது. அந்தப் பேச்சு உன் தலையில் போய் உட்காரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

உன் முகத்தைப் பார்க்க முடியாமல்தான் வந்தேன். அதில் நீ நினைத்தது சரி. காரணம் மட்டும் வேறு.

படிவத்தை மறுபடி அனுப்பு. இல்லை, வேண்டாம், இங்கே கரண்ட் ஆபீசில் ஒன்று வாங்கிக் கையெழுத்துப் போட்டு இதோடு வைக்கிறேன். தேதி மட்டும் நீ எழுதிக்கொள்.

அப்பா

*

ஊரப்பாக்கம்
19.7.1994

அப்பாவுக்கு,

ஒரு வாரமா பதில் எழுதலை.

ஜெயவேலு மாமா வீட்டுக்குப் போனேன். அவர் விரலைக் காட்டினார். "ஆமாம்மா, மோட்டார் ஓடலியே, நின்னுக்கினுதான் கீது. அப்பவும் அட்ச்சிது"ன்னார். பன்னெண்டு வருஷமா பக்கத்துச் சுவத்துக்கு அந்தப் பக்கம் இருந்திருக்கு இந்தப் பதில். நான் கேக்கலை. வீட்டுக்கு வந்து அழுதேன். அத்தை பயந்து போய் என்னடின்னு கேட்டாங்க. முழுசும் சொன்னேன். அத்தை என் தலையை மடில போட்டுக்கிட்டு, பேன் பாக்கற மாதிரி ரொம்ப நேரம் தலையைக் கோதிக்கிட்டே இருந்தாங்க.

அப்பா, உங்க மேல எனக்குக் கோபம் இருக்கு. எர்த் போடலைங்கறதுக்கு இல்லை. அதுக்கு நீங்க உங்களையே போதுமான அளவு தண்டிச்சுக்கிட்டீங்க. பதினோரு வயசுப் பொண்ணை உக்கார வச்சு, ஒரே ஒரு தடவை என்ன நடந்ததுன்னு சொல்லாம போனீங்களே, அதுக்கு. இந்தக் கோபம் சீக்கிரம் போகும்னு தோணலை. போற வரைக்கும் கோபத்தோடயே எழுதறேன். எழுதாம இருக்க மாட்டேன்.

ஃபாரம் குடுத்தாச்சு. குழி ஆரம்பிச்சாச்சு. கிணறு வெட்டற சவுரிமுத்து வந்து தோண்டறார். நீங்க எழுதின மாதிரியே மூணு அடில செம்பாறை. உளி வச்சு உடைக்கறார். நேத்து வரைக்கும் அஞ்சே கால் அடி. ஆறு அடி போதும்மான்னார். எட்டுதான்னேன். சிட்டிபாபு கேளம்பாக்கம் உப்பளத்துலேர்ந்து ஒரு மூட்டை கல் உப்பு பஸ் மேல போட்டுக் கொண்டுவந்து குடுத்தார். நான் கோட்டை விட்டா கார் அவருக்குத்தான்னு தெரிஞ்சும். கரி இஸ்திரிக்காரம்மா முனியம்மா சொல்லி ஏற்பாடு ஆயிடுச்சு.

முப்பதாம் தேதி சனிக்கிழமை இணைப்பு குடுக்கலாம். நீங்க வரணும். நீங்க பாத்துட்டு சரின்னு சொன்னாதான் மேல் மண் போடுவேன்.

காந்திமதி

*

குன்னூர்
30.7.94

அன்பு காந்தி,

இன்றைக்கு நீ எனக்காகக் காத்துக்கொண்டிருப்பாய். நான் இங்கே இருக்கிறேன். பொய் சொல்லாமல் எழுதுகிறேன்.

வியாழக்கிழமை கிளம்பினேன். மேட்டுப்பாளையம் வரைக்கும் வந்தேன். டிக்கெட் எடுத்தாகிவிட்டது. நீலகிரி எக்ஸ்பிரஸ் நிற்கிறது. எல்லாரும் ஏறுகிறார்கள். நான் பிளாட்பார பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வண்டி போய்விட்டது. போர்ட்டர் ஒருவர், "என்ன சார், யாரையாவது வழியனுப்ப வந்தீங்களா?" என்றார். ஆமாம் என்றேன்.

பையில் உனக்காக வாங்கிய டிரிப் சுவிட்ச் இருந்தது. கோயமுத்தூரில் தேடி வாங்கியது. இங்கிருந்து மெட்ராஸுக்கு லோடு ஏற்றிப் போகும் லாரி டிரைவர் தசரதனிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். திங்கட்கிழமை பல்லாவரம் ஒர்க்‌ஷாப்பிலேயே கொண்டுவந்து தருவார்.

இணைப்பை நீயே கொடு. எனக்கு வேறு யாரையும் நம்பத் தோன்றவில்லை. கொடுத்து முடித்ததும் ஒரு சோதனை செய். நூறு வாட் பல்பு ஒன்று ஹோல்டரில் மாட்டி, ஒரு முனை ஃபேஸ், ஒரு முனை எர்த். நியூட்ரலில் எரிவது போலவே பளிச்சென்று எரிய வேண்டும். மங்கினால் எர்த் சரியில்லை, காரை மாட்டாதே. டிரிப் சுவிட்சுக்கு முன்னால் வைத்துப் பார், பின்னால் வைத்தால் அது விழுந்துவிடும். கால்களுக்குக் கீழே காய்ந்த பலகை போட்டுக்கொள். ரப்பர் செருப்பு போட்டுக்கொள்.

உனக்குத் தெரிந்ததையே எழுதுகிறேன். தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன்.

அப்பா

*

ஊரப்பாக்கம்
14.8.1994

அப்பாவுக்கு,

முப்பதாம் தேதி சாயங்காலம் வரைக்கும் வாசலைப் பாத்துக்கிட்டிருந்தேன். உங்க கடிதம் வந்த அன்னிக்கு அத்தை படிக்கச் சொல்லிக் கேட்டுட்டு, "மேட்டுப்பாளையம் வரைக்கும் வந்தானா? பரவால்லை. போன தடவையை விட வூட்டுக்குள்ள வந்த மாதிரிதான்"னாங்க. எனக்கும் அப்படித்தான் தோணிச்சு.

தசரதன் சார் சுவிட்சை பத்திரமா குடுத்தார். துண்டுல சுத்தி மடில வச்சுக்கிட்டே வந்தாராம். நீங்க அப்படிச் சொல்லி அனுப்பியிருந்தீங்களாம்.

சார்கிட்ட கேட்டு ஜூலை கெடுவை ஒரு வாரம் தள்ளி வாங்கி, ஏழாம் தேதி ஞாயித்துக்கிழமை காலைல இணைப்பு குடுத்தேன். சேட்டு வேடிக்கை பாக்க வந்து நின்னார். ஜெயவேலு மாமா வந்தார். ரப்பர் செருப்பு, பலகை எல்லாம் வச்சுக்கிட்டேன். மெயினைப் போட்டேன். பல்பை மாட்டி, முதல்ல நியூட்ரல்ல வச்சுப் பாத்தேன். அப்புறம் எர்த்ல வச்சேன். கண் கூசற மாதிரி எரிஞ்சது. பகல்லயே சுவத்துல என் நிழல் தெரிஞ்சது. சேட்டு, "இன்னாம்மா இது, ரெண்டும் ஒரே மாதிரி எரியுது"ன்னார். எட்டு அடிங்கன்னேன்.

அப்புறம் காரை மாட்டினோம். சார்ஜர்ல சின்னதா ஒரு ரீங்காரம் வந்தது, அவ்வளவுதான். அத்தை ஸ்டூலைப் போட்டுக்கிட்டு அதுக்கு எதிர்ல சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருந்தாங்க. மாடு ஈனறதைப் பாக்கற மாதிரி.

மறுநாள் ஜி.எஸ்.டி. ரோட்டுல பல்லாவரம் வரைக்கும் நானே ஓட்டிக்கிட்டுப் போனேன். வண்டலூர் தாண்டும்போது ஒரு லாரிக்காரர் பக்கத்துல வந்து, சத்தமே இல்லையே, இன்ஜின் நின்னுபோச்சாம்மான்னு கேட்டார். மொத்த வழியிலயும் எனக்குச் சிரிப்புதான். ஒரு வாரமா தினம் போறேன், வரேன். சார்ஜ் ஏறின கணக்கை சாருக்கு எழுதிக் குடுக்கறேன்.

இப்ப முக்கியமான விஷயம். குரோம்பேட்டைல யூனிஸ்னு ஒரு டாக்டரம்மா, விக்கற முதல் கார் எனக்குத்தான்னு பதிவு பண்ணியிருக்காங்க. கார் வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி அங்க பாயிண்ட் போடணும். இனிமே வாங்கற ஒவ்வொரு வீட்டுக்கும் நாமளே போட்டுத் தரணும்னு சார் சொல்லிட்டார். என் வீட்டு எர்த்தை வந்து மீட்டர் வச்சுப் பாத்துட்டு, யார் சொல்லிக் குடுத்ததுன்னு கேட்டார். சொன்னேன். "அவரை வரச் சொல்லு. பாயிண்ட் வேலை முழுக்க அவர் பொறுப்பு"ன்னார்.

நான் உங்களுக்காகச் சிபாரிசு பண்ணலை. அவராத்தான் கேட்டார். வருவீங்களான்னு தெரியாது, கேட்டுச் சொல்றேன்னு மட்டும் சொல்லியிருக்கேன்.

வர்றதா இருந்தா ரயில் வேண்டாம். பஸ்ல வாங்க. பாதி வழில இறங்கத் தோணினாலும் டிரைவர் நிறுத்த மாட்டார்.

காந்திமதி

*

குன்னூர்
20.8.94

அன்பு மகள் காந்திமதிக்கு,

பல்பு விஷயத்தைப் படித்துவிட்டு அறையில் தனியாக நடந்துகொண்டிருந்தேன். ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை.

இங்கே நோட்டீஸ் கொடுத்துவிட்டேன். மானேஜர் ஒரு மாதம் இருக்கச் சொன்னார். பதினோரு குழியையும் யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்டார். மோட்டார் ரூம் பையன்கள் இரண்டு பேரும் நாங்கள் ஊற்றுகிறோம் சார் என்றார்கள். இத்தனை வருஷம் சிரித்தவர்கள். அதனால் நாலே நாளில் போகலாம் என்று சொல்லிவிட்டார்.

டாக்டரம்மா வீட்டில் மண் எப்படி என்று பார்த்து வை. குரோம்பேட்டையில் மலையை ஒட்டி என்றால் பாறைதான். தெருப்பக்கமா, பின்பக்கமா, தண்ணீர் எங்கே வடிகிறது என்றும் பார். ஒயர் எதையும் நான் வருவதற்கு முன் வாங்க வேண்டாம்.

வீட்டைப் பற்றி உனக்கு வாக்குக் கொடுக்க எனக்குத் தைரியம் இல்லை. முன் ரூம் வரைக்கும் வருவேன். அன்றைக்கே பின்பக்கம் வருவேனா என்று தெரியாது. வராவிட்டால் அவசரப்படுத்தாதே. லாட்ஜுக்கு மட்டும் போக மாட்டேன். அதைச் சொல்ல முடியும்.

உன் கோபத்தையும் வைத்துக்கொள். நேரில் திட்டு. நான் கேட்டுக்கொள்கிறேன். அம்மாவைப் பற்றி நீ கேட்க நினைத்த எல்லாவற்றையும் கேள். அவளுக்கு எந்தப் பாட்டு பிடிக்கும் என்பதிலிருந்து ஆரம்பிக்கலாம்.

புதன்கிழமை சாயங்காலம் இங்கே பஸ் ஏறுகிறேன். வியாழன் காலை ஏழு, ஏழரைக்குப் பெருங்களத்தூரில் இறங்குவேன். பெட்டி ஒன்று, கருவிப் பை ஒன்று. நீ காரை எடுத்துக்கொண்டு வா. எட்டு பேட்டரிக்கு மேலே உட்கார எனக்குப் பயமாகத்தான் இருக்கும். நீ கோத்தது என்பதால் ஏறுவேன்.

அப்பா